ரெஸ்யூமில் ஏறாத போர்ட்ஃபோலியோ

மூன்றாம் ஆண்டு வந்தாலே நம்ம காதில் அதிகம் விழும் சொல் 'போர்ட்ஃபோலியோ'. எதைச் செய்தாலும் "இதை ரெஸ்யூம்ல போடலாமா?"ன்னுதான் முதல் கேள்வி. அப்படிக் கேட்காமல் சேர்த்த ஒரு போர்ட்ஃபோலியோவும் இருந்திருக்கிறது.

சாமுவேல் பால்மர், இங்கிலாந்து ஓவியர். 1825-ல், நம்ம வயசில், அதாவது 20 வயதில், 'லேட் ட்வைலைட்' என்றொரு படம் வரைந்தார். இருட்டப் போகும் கிராமம். வானத்தில் தாழ்வாக ஒரு பிறை. படம் முழுக்க ஒரே நிறம்: செபியா என்கிற பழுப்பு. கணவாய் மீன் மையிலிருந்து வந்த பெயர் அது. மையில் வேலம்பிசின் கலந்து, பேனாவாலும் தூரிகையாலும் வரைந்திருக்கிறார். சிவப்பு இல்லை, ஆரஞ்சு இல்லை. ஆனாலும் பார்த்ததும் சாயங்காலம்னு தெரிகிறது. எப்படி? மை கெட்டியாக விழுந்த இடம் இருட்டு. மெல்லிசாக விழுந்த இடம் வெளிச்சம். அவ்வளவுதான் கணக்கு.

இந்த வரிசையில் ஆறு படங்கள். இன்று ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இப்படிப்பட்ட இளவயதுப் படங்கள் பலவற்றை அவர் விற்கவில்லை. 'கியூரியாசிட்டி போர்ட்ஃபோலியோ' என்று பெயரிட்டுத் தனியாக வைத்து, நெருங்கியவர்களுக்கு மட்டும் காட்டினார்.

"அப்போ சாப்பாட்டுக்கு என்ன பண்ணார்?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. பிற்பாடு விற்பனைக்கேற்ற நீர்வண்ண ஓவியங்கள் வரைந்தார், ஓவியம் சொல்லிக்கொடுத்தார். அதில் தப்பே இல்லை. ஆனால் இன்று அவர் பெயர் நிற்பது பெரும்பாலும் அந்த இளவயதுப் படங்களால்தான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1909-ல் அவருடைய மகனே அப்பாவின் நோட்டுகளையும் படங்களையும் ஏராளமாக எரித்துவிட்டார். யார் கையிலோ சிக்கி இழிவுபடக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். 1926-ல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் கண்காட்சி வைத்தபோதுதான் பலரும் பால்மரைத் திரும்பிப் பார்த்தார்கள். எரிந்தது எரிந்ததுதான்.

அதனால் என் கருத்து இது. பிளேஸ்மென்ட்டுக்கான போர்ட்ஃபோலியோவைக் கட்டாயம் தயார் பண்ணுங்க. கூடவே, யாரும் மார்க் போடாத ஒரு ஃபோல்டரும் வெச்சுக்கோங்க. கவிதையோ, ஸ்கெட்ச்சோ, பாதியில் நிற்கிற சர்க்யூட்டோ, எதுவானாலும் சரி. நம்புகிற ரெண்டு பேரிடம் காட்டுங்க. முக்கியமா, "இதெல்லாம் எதுக்கு?"ன்னு நீங்களே டெலீட் பண்ணிடாதீங்க. அதன் மதிப்பு 20 வயதில் நமக்கே தெரியாமல் போகலாம்.