போர் என்றால் போரடிக்கத்தான் செய்யும்!

புனேயில் உட்கார்ந்துகொண்டு பானிபட்டைப் பற்றி வாய் திறப்பது ரிஸ்க்தான். இருந்தாலும் சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் பொம்மை வீரர்கள், பகடை, வட இந்திய வரைபடம். நாலு பேர் ஆடுவார்கள், நான் நடுவர். ஒருநாள் சண்டை அல்ல. 1760 மார்ச்சில் சதாசிவராவ் பாவ் தக்காணத்திலிருந்து கிளம்பியது முதல் 1761 ஜனவரி 14 வரை, மொத்தப் படையெடுப்பும். ஒரு சுற்று ஒரு வாரம். எதிரி எங்கே இருக்கிறான் என்பது நடுவருக்கு மட்டும் தெரியும். 1824-ல் பிரஷ்ய ராணுவத்துக்கு ரைஸ்விட்ஸ் வகுத்துக் கொடுத்த வழிதான். என் சொந்தச் சரக்கு இல்லை.

ஆனால் தானியச் சீட்டு என் சரக்கு. ஒவ்வொரு பிரிவுக்கும் வாரம் ஒரு சீட்டு. இல்லையென்றால் குதிரை சாகும். படையோடு வந்த குடும்பங்களுக்கும் யாத்ரீகர்களுக்கும்கூடச் சீட்டு வேண்டும்.

இங்கேதான் நண்பருக்குக் கோபம். "என்ன சார், மளிகைக் கடைக் கணக்கு மாதிரி? போரடிக்குது. நேரா ஜனவரி 14 காலையில ஆரம்பிங்க. சண்டை போடாத கூட்டத்தை எடுத்துடுங்க."

எப்படி எடுப்பது? அந்தக் கூட்டம்தானே கதையே! குடும்பங்களையும் கனமான பீரங்கிகளையும் பின்னால் விட்டுவிட்டுப் போகச் சொன்னார் பரத்பூர் சூரஜ்மல். பாவ் கேட்கவில்லை. அக்டோபரில் மராட்டியர்கள் வடக்கே குஞ்ச்புராவைப் பிடித்த கையோடு, அப்தாலி பாக்பத்தில் யமுனையைத் தாண்டி டெல்லிப் பாதையை மறித்துவிட்டார். டிசம்பரில், அப்தாலியின் தானிய வரத்தைத் தடுக்கப் போன கோவிந்த்பந்த் புந்தேலேயும் கொல்லப்பட்டார். இரண்டரை மாதம் முற்றுகை மாதிரி. பட்டினி தாங்காமல்தான் அந்தக் காலையில் வெளியே வந்தார்கள்.

இதையெல்லாம் வெட்டிவிட்டு, வயிறு நிறைந்த வீரர்களையும் இப்ராஹிம் கான் கார்டியின் பீரங்கிகளையும் அழகாக அடுக்கி வைத்து ஆடினால் அது வரலாறு இல்லை, சினிமா ஃபைட் சீன். தோற்றவன் கோழை, ஜெயித்தவன் வீரன் என்று பிள்ளைகள் அதிலிருந்து கற்றுக்கொண்டு போகும். பிறகு ஸ்கூலிலும் டிவியிலும் அதையேதான் பேசும்.

போன மாதம் என் பெண்தான் பாவ். கையில் மூன்று சீட்டு, கேட்பவர்கள் ஏழு பேர். "அவங்க சண்டையே போடலையேப்பா, அவங்களுக்கு எதுக்குத் தானியம்?" என்றாள். "அப்போ கொடுக்காதே" என்றேன். ரொம்ப நேரம் சீட்டைக் கையிலேயே வைத்திருந்தாள். கடைசியில் குதிரைப்படையின் சீட்டை எடுத்து அந்தக் கூட்டத்துக்கு வைத்தாள். தோற்றாள்.

அவளுக்குப் பானிபட் புரிந்துவிட்டது. நண்பருக்கு இன்னும் போரடிக்கிறதாம். அடுத்த ஞாயிறும் வரட்டும், காபி உண்டு. சீட்டு மட்டும் எண்ணித்தான் தருவேன் :)