வீட்டுக்குள் ஒரு எம்டன்!

"எங்க அப்பா ஒரு எம்டன்!"

பிள்ளைகள் தங்களுக்குள் ரகசியமாகச் சொல்லிக்கொள்ளும் பேச்சு இது. மயிலாப்பூரிலும் கேட்கலாம். தியாகராய நகரிலும் கேட்கலாம். அப்பா எம்டன் என்றால் பொல்லாதவர், அதட்டுகிறவர், எதிர்த்துப் பேச முடியாதவர் என்று பொருள்.

எம்டன் என்பது மனிதர் பெயர் அல்ல. அது ஒரு கப்பலின் பெயர். ஜெர்மனி நாட்டின் போர்க்கப்பல்!

1914-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இரவு. முதல் உலகப் போர் தொடங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அந்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு அருகே வந்தது. குண்டுகளைப் பொழிந்தது. கரையில் இருந்த எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. வந்த வேலையை முடித்துக்கொண்டு கப்பல் இருளில் மறைந்தது. ஆனால் ஊர் நடுங்கியது. பலர் மூட்டை முடிச்சுகளுடன் வெளியூருக்குப் புறப்பட்டார்கள். ஐகோர்ட்டின் மதில் சுவரில் அந்த இரவை நினைவூட்டும் கல்வெட்டு ஒன்று இருக்கிறது.

அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் எம்டன் அழிந்தது. கப்பல் போய்விட்டது. பெயர் மட்டும் நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

போர்க்கப்பலின் பெயர் எப்படி அப்பாவின் பெயர் ஆயிற்று? இதை வேடிக்கைப் பேச்சு என்று தள்ளிவிட வேண்டாம். வெளியே நடக்கும் போருக்கும் வீட்டுக்குள் நடக்கும் அதட்டலுக்கும் உறவு உண்டு என்று ஒரு பெரிய அறிஞர் சொன்னார். அவர் நம் அடையாற்றில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்.

அவர்தான் மரியா மாண்டிசோரி அம்மையார்.

அடையாற்றுக்கு வந்த அம்மையார்

"மாண்டிசோரி பள்ளி" என்ற பலகையைத் தெருவுக்குத் தெரு பார்க்கிறோம். அது யார் பெயர் என்று பலருக்குத் தெரியாது.

அம்மையார் 1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி இத்தாலியில் பிறந்தார். பெண்கள் வைத்தியம் படிப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது. அவர் படித்தார். 1896-ம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். 1907-ம் ஆண்டு ரோமாபுரியில் ஏழைகள் வாழும் சான் லொரென்சோ என்ற பகுதியில் "குழந்தைகள் இல்லம்" ஒன்றைத் திறந்தார். அங்கே அவர் கண்ட காட்சிகள் உலகின் கவனத்தை இழுத்தன.

1939-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அம்மையார் சென்னைக்கு வந்தார். அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும் அழைத்ததால் வந்தார். அப்போது அவருக்கு வயது 69. மகன் மரியோவும் உடன் வந்தார்.

ஆற்றங்கரைத் தோட்டத்தில் ஓலைக் கொட்டகைகள் எழுந்தன. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து சுமார் 300 பேர் பயிற்சி பெற வந்து கூடினார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மகன் அதை ஆங்கிலத்தில் சொல்லுவார்.

சில மாதங்கள் தங்கிப் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்புவது என்பதுதான் திட்டம். ஆனால் போர் அவரை விடவில்லை.

சர்வாதிகாரியும் அம்மையாரும்

அம்மையார் போரையும் கொடுங்கோலையும் புத்தகத்தில் படித்து அறிந்தவர் அல்ல. அவை அவரை நாடு நாடாகத் துரத்தின.

இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி முதலில் அவரை ஆதரித்தான். அவருடைய பள்ளிகளில் குழந்தைகள் ஒழுங்காக இருந்தார்கள். சீக்கிரம் எழுதப் படிக்கக் கற்றார்கள். அது அவனுக்குப் பிடித்தது. அம்மையாரும் அந்த ஆதரவை ஏற்றுக்கொண்டார். இதை மறைக்க வேண்டியதில்லை. பெரியவர்களும் ஏமாறுவது உண்டு.

ஆனால் முசோலினிக்கு வேண்டிய ஒழுங்கு வேறு. சிறுவர்களுக்குக் கருப்புச் சட்டை மாட்டினான். கையில் விளையாட்டுத் துப்பாக்கியைக் கொடுத்து அணிவகுக்கச் செய்தான். சொன்னதைச் செய்யும் சிப்பாய்கள் அவனுக்குத் தேவை. அம்மையாருக்குத் தேவை, தானே சிந்திக்கும் மனிதர்கள். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? 1934-ம் ஆண்டில் உறவு முறிந்தது. இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன.

ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அங்கும் அப்படியே நடந்தது. அம்மையார் ஸ்பெயின் நாட்டில் இருந்தார். 1936-ம் ஆண்டில் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. பிரிட்டிஷ் கப்பல் ஒன்றில் ஏறித் தப்பினார். பிறகு ஹாலந்துக்குப் போனார். அங்கிருந்துதான் சென்னைக்கு வந்தார்.

ஒரு சர்வாதிகாரி எதைக் கண்டு பயப்படுகிறான்? பீரங்கியைக் கண்டு பயப்படலாம். ஆனால் குழந்தைகள் படிக்கும் பள்ளியைக் கண்டும் பயந்தான் என்றால், அங்கே ஏதோ விஷயம் இருக்கிறது!

"பகை நாட்டார்"

1940-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி இத்தாலியும் போரில் குதித்தது. அந்த நிமிஷமே இந்தியாவில் இருந்த இத்தாலியர்கள் பகை நாட்டார் ஆகிவிட்டார்கள்.

மரியோவைப் பிடித்துக்கொண்டுபோய்க் காவல் முகாமில் வைத்தார்கள். அம்மையார் அடையாறு சபைத் தோட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். முசோலினியால் விரட்டப்பட்டவருக்கு, முசோலினியின் நாட்டில் பிறந்த குற்றத்துக்காகத் தண்டனை! போர் என்றால் இப்படித்தான். அது ஆளைப் பார்ப்பதில்லை; முத்திரையைத்தான் பார்க்கும்.

ஆகஸ்டு 31-ந் தேதி வந்தது. அம்மையாருக்கு 70 வயது நிறைந்தது. அந்தப் பிறந்த நாளுக்குப் பரிசாக வைசிராய் மரியோவை விடுதலை செய்தார். ஒரு தாய்க்கு இதைவிடப் பெரிய பரிசு வேறு என்ன வேண்டும்?

1942-ம் ஆண்டில் சென்னைக்கே ஆபத்து நெருங்கியது. பிப்ரவரி மாதத்தில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்தது. சென்னையில் வீட்டுக்கு வீடு பூட்டுத் தொங்கியது. சர்க்கார் அலுவலகங்களே வெளியூருக்கு மாறின. அந்த ஆண்டில் அம்மையார் கொடைக்கானலுக்குப் போனார். அங்கே பல நாட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார்.

எந்தப் பாடம் தெரியுமா? பூமி எப்படி உண்டாயிற்று, உயிர்கள் எப்படி ஒன்றையொன்று சார்ந்து வாழ்கின்றன என்ற பாடம். நம் பேச்சில் சொன்னால், "உன் தட்டில் இருக்கும் சோறு எத்தனை பேர் கை பட்டு வந்தது?" என்ற பாடம். உலகமே ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த சமயத்தில், மலைமேல் ஒரு கிழவி குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போரின் வேர் எங்கே?

1932-ம் ஆண்டிலேயே ஜெனீவா நகரில் அம்மையார் சமாதானத்தைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். பிறகு பிரஸ்ஸல்ஸ், கோபன்ஹேகன் நகரங்களிலும் பேசினார். அவர் சொன்னதன் சாரம் இது:

ஒரு காலத்தில் பிளேக் நோய் வந்தால் ஊரே அழிந்தது. தெய்வ குற்றம் என்று மக்கள் அழுதார்கள். பிறகு அதன் காரணத்தை ஆராய்ந்தார்கள். வழியும் பிறந்தது. போரும் அப்படி ஒரு கொள்ளை நோய்தான். ஆனால் அதன் காரணத்தை யாரும் அப்படி உட்கார்ந்து ஆராயவில்லை. துப்பாக்கிச் சத்தம் நின்றால் அதையே சமாதானம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அவர் கண்ட காரணம் என்ன?

முதல் போர் வீட்டில் நடக்கிறது. பலமுள்ள பெரியவருக்கும் பலமில்லாத குழந்தைக்கும் நடக்கும் போர் அது. பெரியவர் எப்போதும் ஜெயிக்கிறார். "ஏன்?" என்று கேட்டால் அடி. "மாட்டேன்" என்றால் உதை. குழந்தை பணிந்துவிடுகிறது. சரி எது, தப்பு எது என்று அது யோசிப்பதில்லை. யார் கையில் பிரம்பு இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறது.

இரண்டாவது போர் பள்ளியில் நடக்கிறது. பக்கத்துப் பையன் முந்தக்கூடாது; அவன் விழுந்தால் நான் எழுவேன். இப்படிப் பத்து வருஷம் பழகிய பிள்ளைக்கு, பிறன் என்றால் போட்டிக்காரன்.

இந்தப் பிள்ளை வளர்ந்து பெரியவன் ஆகிறான். ஒரு நாள் மேடையில் ஒருவன் ஏறி மிரட்டுகிறான். "அதோ, அவன் நம் எதிரி!" என்று கை காட்டுகிறான். சிறு வயதிலிருந்தே உரத்த குரலுக்குப் பணிந்த மனம் அங்கேயும் பணிகிறது. சர்வாதிகாரி புதிதாக ஒன்றும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. முதல் பாடத்தை நாமே நடத்தி முடித்துவிட்டோம்!

ஒரே ஒரு பெட்டி

அம்மையார் பேச்சோடு நிற்கவில்லை. வழியும் காட்டினார்.

அவருடைய வகுப்பில் ஒவ்வொரு சாதனமும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒரு பிள்ளை மரக்கட்டைகளை வைத்து வேலை செய்தால், மற்றப் பிள்ளை காத்திருக்க வேண்டும். பிடுங்கக்கூடாது. அடுத்தவன் வேலைக்கு மரியாதை கொடுக்க அங்கே பழகுகிறது. பெரிய பிள்ளையும் சிறிய பிள்ளையும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். பெரியவன் சிறியவனுக்குச் சொல்லிக்கொடுப்பான்.

பரிசும் இல்லை, தண்டனையும் இல்லை. ஒரு சமயம் ஒரு சிறுவனுக்குப் பதக்கம் குத்தினார்கள். அவன் வேலையில் மூழ்கியிருந்தான். பதக்கம் கீழே விழுந்தது. அவன் அதைப் பொருட்படுத்தவே இல்லை. வேலையில் கிடைத்த சந்தோஷமே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

இப்படி விட்டால் பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா? அம்மையார் அவர்களை அவிழ்த்துவிடவில்லை. அடுத்தவனை அடிக்கக்கூடாது, இடைஞ்சல் செய்யக்கூடாது என்ற எல்லை அங்கே உண்டு. அந்த எல்லைக்குள் பிள்ளை தன் வேலையைத் தானே தேர்ந்தெடுக்கலாம். பயத்தால் வரும் ஒழுங்கு, ஆசிரியர் வெளியே போனதும் போய்விடும். உள்ளிருந்து வரும் ஒழுங்கு கூடவே இருக்கும்.

எல்லாப் போருக்கும் இதுதான் காரணமா?

நியாயமான கேள்வி. மண்ணாசையால் போர் வருகிறது. வியாபாரப் பேராசையால் வருகிறது. ஒரு நாட்டை இன்னொரு நாடு அடிமைப்படுத்துவதால் வருகிறது. அப்பா பிரம்பைக் கீழே போட்டதும் உலகத்துப் பீரங்கிகள் எல்லாம் மௌனமாகிவிடும் என்று நாமும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று. பேராசைக்காரன் ஒருவன்தான் இருப்பான். அவனுக்காகச் சாகவும் கொல்லவும் லட்சம் பேர் வேண்டும். அந்த லட்சம் பேர் "ஏன்?" என்று கேட்டால் அவன் என்ன செய்வான்? கேட்கப் பழகாத மனிதர்கள்தான் அவனுடைய பலம்.

காந்தி அடிகளும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். 1931-ம் ஆண்டில் லண்டனில் அம்மையாரைச் சந்தித்தார். உலகில் உண்மையான சமாதானம் வேண்டும் என்றால், குழந்தைகளிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்று அங்கே பேசினார்.

சட்டம் வந்துவிட்டது, நாம்?

1946-ம் ஆண்டில் அம்மையார் ஐரோப்பா திரும்பினார். மறு ஆண்டே மீண்டும் அடையாற்றுக்கு வந்தார். 1952-ம் ஆண்டில் ஹாலந்தில் காலமானார். நோபல் சமாதானப் பரிசுக்கு மூன்று முறை அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அவர் பயிற்சி கொடுத்த ஆசிரியர்கள் நாடெங்கும் பரவினார்கள். 2003-ம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் "செயல்வழிக் கற்றல்" தொடங்கியபோது, அதிலும் அவருடைய சாயல் இருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை, ஏழைப் பிள்ளைகளிடமே வந்து சேர்ந்தது.

நம் நாட்டில் 2009-ம் ஆண்டில் கல்வி உரிமைச் சட்டம் நிறைவேறியது. பள்ளியில் பிள்ளையை அடிக்கக்கூடாது, மனம் நோகச் செய்யக்கூடாது என்று அது சொல்லுகிறது. சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்ந்தெடுக்கக்கூடாது என்றும் சொல்லுகிறது. நல்ல சட்டம். ஆனால் அது பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடுகிறது.

மாலையில் அப்பா வீட்டுக்கு வருகிறார். செருப்புச் சத்தம் கேட்கிறது. சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சட்டென்று அடங்குகிறார்கள். புத்தகத்தை எடுத்துப் பிரிக்கிறார்கள். "பார், என் பிள்ளைகளுக்கு எவ்வளவு மரியாதை!" என்று அப்பா பெருமைப்படுகிறார். அது மரியாதையா? பயமா?

"அடியாத மாடு படியாது" என்பார்கள். உண்மைதான். ஆனால் நாம் வளர்ப்பது மாடு அல்லவே! ஏரில் பூட்டவா பிள்ளை பெற்றோம்?

தாய்மார்களே, தந்தைமார்களே! சாதனங்கள் வாங்கக் காசு வேண்டாம். பெரிய பள்ளியும் வேண்டாம். பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் பதில் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கைச் சொல்லிக் குத்திக்காட்டாதீர்கள். கை ஓங்கினால் ஒரு நிமிஷம் அப்படியே நிறுத்துங்கள். தப்பு உங்கள் பேரில் இருந்தால், "அப்பா செய்தது தப்புத்தான்" என்று சொல்லிப் பாருங்கள். கௌரவம் குறையாது, கூடும்.

1914-ம் ஆண்டில் கடலில் வந்த எம்டனை விரட்ட நம்மால் முடியவில்லை. வீட்டில் இருக்கும் எம்டனை விரட்ட முடியும்.  பிள்ளைகள் வீட்டில்தான் இருக்கிறார்கள். இன்றே தொடங்கலாமே!