எந்தக் காலத்துப் பாட்டு நல்ல பாட்டு?

ஐம்பது வயதைக் கடந்தவர்கள் இருவர் சந்தித்தால், மழை, நூல் விலை, பிள்ளைகளின் கலியாணம் ஆகிய மூன்றும் பேசித் தீர்ந்த பிறகு நாலாவதாக வருவது பாட்டு. கருமத்தம்பட்டிப் பக்கத்தில் இந்தப் பேச்சு, "ஏனுங்க, இப்ப வர்றதெல்லாம் ஒரு பாட்டுங்களா?" என்று மரியாதையாகவே ஆரம்பிக்கும். மரியாதை அத்துடன் சரி. பிறகு இக்காலத்துச் சங்கீதத்துக்கு நடக்கும் அர்ச்சனையை இங்கே எழுதுவதற்கில்லை.

இந்த வழக்கு நேற்று ஏற்பட்டதல்ல. செங்கோட்டை கிட்டப்பாவும், நமது கொடுமுடியில் பிறந்த ஸ்ரீமதி கே. பி. சுந்தராம்பாளும் நாடக மேடையில் மனம்போல் விரித்துப் பாடிய பாட்டு, கிராமபோன் தட்டில் ஏறியபோது பக்கத்துக்கு மூன்று நிமிஷமாகச் சுருங்கிற்று. தட்டில் அதற்குமேல் இடமில்லை! கிட்டப்பா 1933-ல் இருபத்தேழாவது வயதிலேயே மறைந்தார். அவருடைய ரசிகரிடம் தியாகராஜ பாகவதரைப் பற்றியும், பாகவதர் ரசிகரிடம் அவருக்குப் பின் வந்தவர்களைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்டால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது அதன் பாட்டுக்களுக்குக் கிறங்கிய வாலிபர்கள்தாம், இன்று தாத்தாக்களாகி அதே பதிலைச் சொல்கிறார்கள்.

சர்க்காரும் ஒரு சமயம் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லிப் பார்த்தது. 1952-ல் ஒலிபரப்பு மந்திரியான ஸ்ரீ பி. வி. கேஸ்கர், ஜனங்களின் ருசியை உயர்த்தும் நல்லெண்ணத்துடன், ரேடியோவில் சினிமாப் பாட்டை அநேகமாக அடக்கிவிட்டார். நடந்தது என்ன? ஜனங்கள் ரேடியோவின் முள்ளைச் சற்றே திருப்பி இலங்கை வானொலியைக் கேட்டார்கள். கடைசியில் 1957-ல் சர்க்காரே 'விவித பாரதி'யைத் தொடங்கிச் சினிமாப் பாட்டுக்குக் கதவைத் திறக்க வேண்டியதாயிற்று. காதுக்குச் சட்டம் போட முடியாது.

அந்த இலங்கை வானொலிதான் எங்கள் பிராயத்துக் கொங்குப் பிள்ளைகளுக்குச் சங்கீத பாடசாலை. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் உற்றார் உறவினர் குரல்களைப்போல் பழகியவை. தறிக்குடோனில் நாடா இங்குமங்கும் ஓடும் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது. ஆயினும் மாடத்தில் ஒரு டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருக்கும். இழை அறுந்து தறி நிற்கும்போது ஓரடி காதில் விழும். மீதியை மனசு பாடிக்கொள்ளும். டீக்கடையிலும், நோம்பிக்குக் கட்டிய குழாய் ஒலிபெருக்கியிலும் அதே பாட்டு. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஊர் முழுவதும் அதைக் கேட்டே தீரவேண்டும்!

பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நேர்ந்தவையே மனிதனுடைய ஞாபகத்தில் மிக ஆழமாகப் பதிகின்றன என்று மனோதத்துவ நிபுணர்கள் ஆராய்ந்து சொல்கிறார்கள். ஆகவே, அந்தக் காலத்துப் பாட்டு உயர்ந்தது என்று நாம் சத்தியம் செய்யும்போது, பாதிச் சத்தியம் பாட்டுக்கு. மறு பாதி நம்முடைய இளமைக்கு.

ஆனால், இழந்தது ஒன்றுமில்லை என்றும் சொல்லிவிட முடியாது. பழைய பாட்டு எங்கும் போய்விடவில்லை. சட்டைப் பையிலுள்ள தொலைபேசியில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. போனது, கூடிக் கேட்ட வழக்கம். அப்பா ஒரு மூலையில் தம் காலத்துப் பாட்டை முணுமுணுக்கிறார். பிள்ளை மற்றொரு மூலையில் காதை அடைத்துக்கொண்டு தலையை ஆட்டுகிறான். ஒரே கூரையின் கீழ், ஒருவர் பாட்டு மற்றவருக்குத் தெரியாமலே ஒரு தலைமுறை கழிகிறது. பேச்சு குறைந்த வீட்டில் பாட்டும் பொதுவாக இல்லையென்றால் பிறகு பொதுவாக என்னதான் மிஞ்சும்?

இதற்குப் பரிகாரம் செலவில்லாதது. இன்றிரவு பிள்ளையிடம், "அதைக் கொஞ்சம் சத்தமாக வை, கண்ணு, நானும் கேட்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பாட்டு முடியும்வரை முகத்தைச் சுளிக்காமல் இருப்பது ஒன்றே நிபந்தனை. இன்னும் நாற்பது வருஷம் கழித்து அவன் நினைத்து உருகப் போகும் பாட்டு அதுவாகவே இருக்கலாம். அந்த நினைவில் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டாமா?