ஒரு கையெழுத்துதானே? – வசீலி கிராஸ்மன் பற்றி ஒரு நீண்ட த்ரெட்

1/ "ஸ்டாலின் காலம் எப்பவோ முடிஞ்சு போச்சு டாக்டர், அதை ஏன் இன்னும் தோண்டுறீங்க?" போன வாரம் ஒரு நண்பர் கேட்டார். முடியலீங்க. ஏன்னு ஒரு நாவலாசிரியரை வச்சு சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ பெயர் வசீலி கிராஸ்மன். 1905இல் உக்ரைனின் பெர்தீச்சிவ் ஊரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் செஞ்சேனைப் பத்திரிகையின் போர்முனை நிருபர். ஸ்டாலின்கிராடில் குண்டுமழைக்கு நடுவே இருந்து எழுதினார். 1941 செப்டம்பரில் அவர் அம்மாவை நாஜிகள் பெர்தீச்சிவில் கொன்றார்கள்.

3/ இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கு. சோவியத் பற்றி வாயைத் திறந்தாலே "அமெரிக்கக் கைக்கூலி"ன்னு ஒரு கூட்டம் வரும். மலிவு விலை ராதுகா, முன்னேற்றப் பதிப்பகப் புத்தகங்களைப் படிச்சு வளர்ந்தவன்தான் நானும். ஆர்வெல் சோவியத் மண்ணை மிதித்ததே இல்லை, அவரை ஒதுக்கிடலாம். கிராஸ்மனை எப்படி ஒதுக்குவீங்க?

4/ இப்போ நம்ம துறைக்கு வருவோம். 1948இல் சோவியத் தலைவர் ஸ்தானவுக்கு நெஞ்சுவலி. இசிஜி எடுத்த டாக்டர் தீமஷூக், மாரடைப்பு என்றார். பெரிய பேராசிரியர்கள் இல்லை என்றார்கள். அவர் எழுத்தில் புகார் கொடுத்தார். நோயாளி இறந்துவிட்டார். வேறு ஊராக இருந்தால் டெத் ஆடிட் நடந்திருக்கும். அங்கே அந்தக் கடிதம் கோப்பில் தூங்கியது.

5/ நாலு வருஷம் கழித்து அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். 1953 ஜனவரி 13, அறிவிப்பு வெளியானது: "தலைவர்களைக் கொல்ல மருத்துவர்கள் சதி." பெயர் சொன்ன ஒன்பது பேரில் ஆறு பேர் யூதர்கள். ஸ்டாலினுக்கே வைத்தியம் பார்த்த விநோகிராதவும் சிறையில். சிகிச்சையில் வந்த கருத்து வேறுபாடு தேசத்துரோகம் ஆன கதை இது.

6/ அந்த மருத்துவர்களைக் கடுமையாகத் தண்டிக்கச் சொல்லி, பிரபல யூதர்களிடம் ஒரு கடிதத்தில் கையெழுத்து கேட்டார்கள். கிராஸ்மன் போட்டார். ஆமாங்க, போட்டார். ட்ரெப்ளிங்கா முகாம் பற்றி உலகுக்குச் சொன்னவர், அம்மாவை யூதவெறிக்குப் பறிகொடுத்தவர், போட்டார்.

7/ மார்ச் 5 ஸ்டாலின் இறந்தார். ஏப்ரலில் மருத்துவர்கள் விடுதலை, வழக்கே பொய் என்று அரசே ஒப்புக்கொண்டது. அந்தக் கடிதம் அச்சாகவே இல்லை. கிராஸ்மன் கமுக்கமாக இருந்திருக்கலாம். அவர் என்ன செய்தார் தெரியுமா? 'வாழ்வும் விதியும்' நாவலில் தன்னைப் போலவே ஒரு மனிதரைப் படைத்தார். விஞ்ஞானி ஷ்த்ரூம். மிரட்டும்போது பணியாத அந்த ஆள், ஸ்டாலினே போன் செய்து பதவியும் மரியாதையும் திரும்பி வந்த பிறகு, மருத்துவர்களுக்கு எதிரான ஒரு கடிதத்தில் கையெழுத்து போடுகிறார்.

8/ இந்த நாவலின் உயிர் இங்கேதான் இருக்கு. சர்வாதிகாரம்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது முகாம், முள்வேலி, துப்பாக்கி. அதெல்லாம் முற்றிய நிலை. ஆரம்ப அறிகுறி, நல்ல மனுஷன் ஒருத்தன் "ஒரு கையெழுத்துதானே"ன்னு பேனாவை எடுக்கிறது.

9/ எனக்கு எப்படித் தெரியும்? நானும் போட்டிருக்கேன். பயிற்சி மருத்துவரா இருந்தப்போ, மேலே இருந்தவர் செய்த தவறு ஒரு நர்ஸ் அக்கா தலையில் விழுந்தது. நான் பார்க்காததைப் பார்த்ததா எழுதின தாளை நீட்டினாங்க. போட்டேன். அவங்க வேலை போச்சு. என்னை யாரும் சைபீரியாவுக்கு அனுப்பியிருக்க மாட்டாங்க. போஸ்டிங் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான். அதுக்கே பயந்தேன்.

10/ அந்த நாவல் என்ன ஆச்சு? 1961 பிப்ரவரியில் கேஜிபி வீட்டுக்கு வந்தது. கையெழுத்துப் பிரதி, கார்பன் தாள், டைப்ரைட்டர் ரிப்பன் எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போனது. ஆளைத் தொடவில்லை, புத்தகத்தைக் கைது செய்தார்கள். 1964இல் அவர் புற்றுநோயில் இறந்தார். நண்பர்கள் ஒளித்து வைத்த பிரதி மைக்ரோஃபிலிமாக நாடு கடந்து, 1980இல் சுவிட்சர்லாந்தில் அச்சானது. சொந்த நாட்டில் வெளிவந்தது 1988இல்.

11/ "சரி, பழைய கதை"ன்னு சொல்வீங்க. ஸ்டாலின் காலப் பலிகளின் ஆவணங்களைச் சேகரித்த 'மெமோரியல்' அமைப்பைக் கலைக்க ரஷ்ய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2021 டிசம்பரில். 2024 நவம்பரில் மாஸ்கோவில் 68 வயது குழந்தை நல மருத்துவருக்கு ஐந்தரை ஆண்டு சிறை. குற்றம்? ஓபியில் உக்ரைன் போர் பற்றித் தவறாகப் பேசினார் என்று ஒரு குழந்தையின் அம்மா கொடுத்த புகார். அவர் அதை மறுத்தார். ஒலிப்பதிவு கிடையாது. மறுபடியும் ஒரு டாக்டர், மறுபடியும் ஒரு புகார்க் கடிதம்.

12/ "அப்போ அமெரிக்கா மட்டும் யோக்கியமா?" என்று கமெண்டில் வரப்போறவங்களுக்கு: இல்லை. பக்கத்து வார்டு நோயாளிக்கும் காய்ச்சல் என்பதால் உங்க காய்ச்சல் இறங்கிடுமா?

13/ கிராஸ்மனை நான் புனிதர் ஆக்கலை. அவர் தவறினார். தவறினதை மறைக்காம, தண்டனை வரும்னு தெரிஞ்சே எழுதினார். நான் அந்த நர்ஸ் அக்காவிடம் இதுவரை மன்னிப்புக் கேட்கலை. எங்கே இருக்காங்கன்னு விசாரிக்க ஆரம்பிச்சிருக்கேன். உங்க முன்னாடி ஒரு தாள் வரும்போது, முழுசா படிச்சுப் பாருங்க. பார்க்காததைப் பார்த்ததா எழுதியிருந்தா, பேனாவைக் கீழே வைங்க.