வாங்கியவர் நாம், ஆள்பவர் யார்?

"சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம்" என்று எம் முன்னோர் சொல்லிவைத்த பழமொழிக்கு உயிருள்ள உதாரணம் ஒன்று, இன்று உலகெங்கும் வீடுகளிலும் கந்தோர்களிலும் மேசைமீது அமர்ந்திருக்கிறது. பிரிண்டர் எனப்படும் அச்சுப்பொறியே அது. பொறியை மலிவு விலைக்குத் தருகிறார்கள். அதற்கு வேண்டிய மையையோ வாசனைத் தைலம்போலத் துளிக்கணக்கில் விலை பேசுகிறார்கள். சில தடவை மை வாங்கும் பணத்துக்குப் புதிய பொறியொன்றையே வாங்கிவிடலாம் என்று மக்கள் முறையிடும் நிலை வந்திருக்கிறது.

விலை உயர்வு ஒன்றே குற்றமாயின் நாம் இதனை எழுத முற்பட்டிருக்க மாட்டோம். ஒரு கடையில் விலை கூடினால் மறு கடையை நாடுவது வாங்குவோர் இயல்பு. அதுவே வணிகத்தின் நீதி. ஆனால் அந்த மறு கடையின் கதவை, நாம் பணங்கொடுத்து வாங்கிய பொறிக்குள் இருந்துகொண்டே பூட்டிவிடுகிறார்கள். எமது முறைப்பாடு அதைப் பற்றியதே.

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். காட்ரிட்ஜ் எனப்படும் மைக்கூட்டில், விரல் நகத்திலும் சிறிய மின்னணுச் சிப் ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. மைக்கூட்டைப் பொருத்தியதும் பொறி அந்தச் சிப்பை விசாரிக்கிறது. தன் கம்பனியின் சிப் என்று கண்டால் அச்சடிக்கிறது, அன்றேல் மறுத்துவிடுகிறது. உள்ளே இருப்பது நல்ல மையா, தாளில் ஒழுங்காகப் பதியுமா என்பது அதன் கேள்வியன்று. குலமும் கோத்திரமும் மட்டுமே கேட்டு உள்ளே விடுகின்ற வாயிற்காவலன் அது! இந்த விதியும் நிலையானதன்று. பொறி இணையத்தோடு தொடுக்கப்பட்டிருந்தால், விற்பனை முடிந்து மாதங்கள் பல சென்ற பின்னரும் கம்பனி தன் இருப்பிடத்திலிருந்தே புதிய விதியை அதற்குள் புகுத்திவிடலாம்.

இது வெறும் கற்பனையன்று. 2016ஆம் ஆண்டு செப்ரெம்பர் 13ஆம் நாள், எச்.பி. கம்பனியின் ஒருசில வகைப் பொறிகள், முதல் நாள்வரை ஏற்றுவந்த பிற நிறுவன மைக்கூடுகளைத் திடீரென ஏற்க மறுத்தன. மைக்கூடு பழுதுபட்டது என்று எண்ணிப் பலர் அதனைக் கழற்றியும் மாட்டியும் பார்த்து ஏமாந்தனர். பின்னரே உண்மை வெளிப்பட்டது: தடை ஆணை முன்னதாகவே மென்பொருள்வழி உள்ளே செலுத்தப்பட்டு, குறித்த நாளில் விழித்தெழுமாறு அமைக்கப்பட்டிருந்தது. கண்டனம் பெருகவே, இதனைத் தான் சரிவர அறிவித்திருக்க வேண்டும் என்று அம்மாத இறுதியில் கம்பனி ஒப்புக்கொண்டது. தடையற்ற மாற்று மென்பொருளையும் தருவதாகக் கூறியது. ஆயினும் கொள்கையைக் கைவிட்டதா? இல்லை. ஐக்கிய அமெரிக்காவில் எழுந்த வழக்கை 15 லட்சம் டொலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. 2018இல் அவுஸ்திரேலியாவில் பாதிக்கப்பட்டோருக்கு ஆளுக்கு 50 அவுஸ்திரேலிய டொலர் கொடுக்க உடன்பட்டது. 2020 டிசெம்பரில் இத்தாலியின் போட்டிக் கண்காணிப்பு அதிகாரசபை, கட்டுப்பாட்டை வாங்குவோருக்குத் தெளிவாகச் சொல்லாமைக்காக 1 கோடி யூரோ தண்டம் விதித்தது. தண்டம் கட்டியும் தொடரக்கூடிய வணிகமாயின், அந்த மையில் கிடைக்கும் ஆதாயம் எத்துணை பெரிதாக இருக்க வேண்டும்!

கம்பனிகளுக்கும் நியாயம் உண்டு, அதனையும் கேட்போம். அவர்கள் கூறுவன மூன்று. பொறியை நட்டத்துக்கு அல்லது சொற்ப இலாபத்துக்கு விற்பதால் மையிலேதான் முதலை மீட்க வேண்டும் என்பது ஒன்று. பிறர் மை பொறியைக் கெடுக்கும் என்பது இன்னொன்று. பிறர் சிப்பின் வழியாகக் கணினி வைரஸ் நுழையக்கூடும் என்பது மூன்றாவது. 2024 ஜனவரியில் எச்.பி. கம்பனியின் தலைவரே இதனைத் தொலைக்காட்சிச் செவ்வியில் கூறினார். அதே செவ்வியில், பொறி வாங்கும் ஒவ்வொருவரும் கம்பனியின் முதலீடு என்றும், போதியளவு அச்சடிக்காதவரும் கம்பனியின் மையை வாங்காதவரும் தவறிப்போன முதலீடு என்றும் கருத்துப்பட அவர் பேசினார். அன்பர்களே, நாம் பொருளொன்றை வாங்கினோம் என்று எண்ணியிருக்கிறோம். அவர்களோ எம்மை வாங்கியதாகக் கணக்கெழுதியிருக்கிறார்கள்!

மூன்றாம் நியாயத்துக்கு விடை எளிது. வெறும் மை நிறைந்த கூட்டினால் வைரஸைக் காவ இயலாது. சிப் இருந்தாற்றான் இயலும். மைக்கூட்டின் தலையில் சிப்பைக் கட்டாயமாக ஏற்றியவர் யார்? வாசலை வெட்டிவைத்தவரே கள்வர் பயத்தைக் காட்டிக் காவற்கூலி கேட்பது வேடிக்கை.

இரண்டாம் நியாயத்துக்கு 2022ஆம் ஆண்டு விடை சொன்னது. சிப்புகளுக்கு உலகெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, கனன் கம்பனி தன் அலுவலகப் பொறிகள் சிலவற்றுக்கான மைத்தூட் கூடுகளைச் சிப் இன்றியே விற்க நேர்ந்தது. பொறிகள் தம் வழக்கப்படி எச்சரிக்கை விடுத்தன. அந்த எச்சரிக்கையைக் கடந்து அச்சடிப்பது எப்படி என்று கம்பனியே வாங்கியோருக்கு வழி சொல்லிக்கொடுத்தது! எஞ்சிய மையின் அளவைக் காட்டுவதில் குறை நேரலாமேயன்றி, அச்சிடுவதற்குத் தடையில்லை என்பதும் அதனால் வெளியாயிற்று. சிப் இன்றியமையாதது என்ற பேச்சு, சிப் கிடையாதபோது எங்கே மறைந்தது?

இனி முதலாவது நியாயம். மலிவாகக் கொடுத்த பொறிக்கு மையில் முதல் மீட்பது என்ற இவ்வாதம் புதியதன்று. நூறாண்டுக்கு மேற்பட்ட பழைய வழக்கொன்றில், இதே மைக்காக இதே வாதம் நிகழ்ந்தது. எம்முள் சட்டத்தரணிகளாய் உள்ளோர் அறிந்திருப்பர். ஏனையோரும் அறிதல் நன்று.

சிக்காகோவின் ஏ.பி. டிக் கம்பனி மிமியோகிராப் என்னும் பிரதியெடுக்கும் பொறியை விற்றுவந்தது. எமது பாடசாலைகளிலும் கந்தோர்களிலும் றோணியோ என்று நாம் அழைத்த பொறியின் இனத்தது அது. தன் தாளும் தன் மையுமே பாவிக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையைப் பொறியின் மீதே ஒட்டி விற்றது. பொறியில் ஆதாயம் இல்லை, மையிலும் தாளிலுமே ஆதாயம் என்பது அதன் வாதம். நியூயோர்க்கில் அப்பொறியை வாங்கிய பெண்மணி ஒருவருக்கு வேறு வணிகர் ஒரு டப்பா மை விற்றார். வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1912இல் நான்கு நீதியரசர் கம்பனியின் பக்கமும், மூவர் எதிர்ப்பக்கமும் நின்றனர், கம்பனி வென்றது. மாறுபட்ட தீர்ப்பெழுதிய பிரதம நீதியரசர் எட்வேர்ட் வைற், இதனை ஏற்றுக்கொண்டால், சமையற் பாத்திரத்துக்குக் காப்புரிமை பெற்றவன் தான் விற்கும் உணவுப்பொருளையே அதிற் சமைக்க வேண்டும் என்று கட்டளையிடவும் இடமுண்டாகும் என எச்சரித்தார்.

எச்சரிக்கை வீண்போகவில்லை. 1914இல் அமெரிக்கக் காங்கிரஸ் கிளேற்றன் சட்டத்தை இயற்றி, போட்டியாளர் பொருளைப் பாவிக்கலாகாது என்ற நிபந்தனையோடு விற்பது போட்டியைக் கெடுக்குமாயின் அது சட்டவிரோதம் என்று விதித்தது. 1917இல் அதே நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைத் தானே தள்ளியது. 1936இல், ஐ.பி.எம். கம்பனி வாடகைக்குக் கொடுத்த கணக்குப் பொறிகளில் தன் அட்டைகளையே பாவிக்க வேண்டும் என்று வற்புறுத்தியபோதும், பிறர் அட்டை பொறியைக் கெடுக்கும் என்ற நியாயம் எடுபடவில்லை. அரசாங்கம் தானே செய்த அட்டைகள் அப்பொறிகளில் நன்றாக ஓடின என்பதை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. எத்தகைய அட்டை வேண்டும் என்று அறிவித்தால் போதுமே என்றது. 2017 மே 30ஆம் நாள், லெக்ஸ்மார்க் கம்பனியின் மைக்கூடுகளை மீள நிரப்பி விற்ற சிறு நிறுவனமொன்றின் வழக்கில் இறுதி விடை கிடைத்தது: ஒரு பொருளை விற்றவுடன் அதன் மீதான காப்புரிமை தீர்ந்துவிடுகிறது, எந்த நிபந்தனையை எழுதிக்கொண்டாலும் காப்புரிமையைக் காட்டி வாங்கியவரைப் பின்தொடர இயலாது.

இவ்வளவு தீர்ப்புகளுக்குப் பின்னரும் மக்கள் ஏன் இன்னும் முறையிடுகின்றனர்? இங்கேதான் சூழ்ச்சி. அன்று நிபந்தனையைத் தாளில் எழுதி ஒட்டினார்கள். அதனை நீதிமன்றம் வாசிக்க முடிந்தது, கிழிக்கவும் முடிந்தது. இன்று அதே நிபந்தனையைச் சிப்பில் எழுதுகிறார்கள். அதனை நிறைவேற்ற வழக்கும் வேண்டாம், நீதியரசரும் வேண்டாம். பொறியே வாதி, பொறியே நீதிபதி, பொறியே தண்டிப்பவர். சட்டத்தின் முன்வாசலில் மறுக்கப்பட்ட ஆட்சி, மென்பொருளின் பின்வாசலால் வந்து கூடத்தில் அமர்ந்துவிட்டது. "யானையை விற்றபின் அங்குசத்துக்கு வாதாடுவது" என்று எம்மவர் சொல்வர். இவர்களோ யானையை விற்றபின் அங்குசத்தைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டு, எம் வளவில் நிற்கும் யானையை ஏவுகிறார்கள்.

இன்னொரு வகையும் உண்டு. மாதச் சந்தா கட்டினால் மை வீடு தேடி வரும். சந்தாவை நிறுத்தினால், அவர்கள் அனுப்பிய கூட்டில் மை நிறைந்திருந்தாலும் பொறி அச்சடிக்காது. எச்.பி. கம்பனியின் சந்தாத் திட்டம் இத்தகையது. வாடகைக்குத் தரும் மை என்று ஒப்பந்தத்திலே எழுதியிருக்கிறோம் என்பர். வாடகையாயின் வாடகை என்று உரக்கச் சொல்லட்டும். அறிந்து ஏற்பவர் ஏற்கட்டும். சிற்றெழுத்தில் வாடகையும் விளம்பரத்தில் வசதியும் என்ற இரட்டை நாக்கையே நாம் வெறுக்கிறோம்.

கமக்காரராகிய எமது வாசகர்கள், 'மையும் தாளும் படித்தவர் பாடு, எமக்கென்ன?' என்று இதனைத் தள்ளிவிடலாகாது. ஐக்கிய அமெரிக்காவில் ஜோன் டியர் உழவு இயந்திரங்களை வாங்கிய விவசாயிகள், பழுது காணவும் திருத்தவும் வேண்டிய முழு மென்பொருள் கம்பனி முகவர் கையில் மட்டுமே இருப்பதால், விதைப்புக் காலத்தில் முகவர் வரவை எதிர்பார்த்து நிற்க வேண்டியிருக்கிறது என்று பல்லாண்டுகளாக முறையிட்டனர். அதன் பயனாக 2023இல் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களைத் திருத்தும் உரிமைக்குச் சட்டம் இயற்றியது. 2025 ஜனவரியில் அந்நாட்டு மத்திய வணிக ஆணைக்குழு அக்கம்பனிமீது வழக்கும் தொடுத்தது. மைக்கூட்டில் பழகிய பூட்டு கலப்பைக்கும் வருகிறது. நாளை எமது கிணற்றடியில் நிற்கும் நீரிறைக்கும் இயந்திரம், 'இது எமது முகவர் விற்ற எண்ணெயன்று' எனக் கூறி, பயிர் வாடும் வேளையில் நின்றுவிட்டால் யாரிடம் போய் அழுவது?

ஆகவே நாம் கேட்பது சலுகையன்று. விற்பனை என்ற சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டும் என்பதே. பொறி எந்த மையை மறுக்கும், ஒரு கூட்டில் எத்தனை பக்கம் அச்சாகும், இணையம் இன்றி இயங்குமா என்பன பெட்டியின் மேலேயே, வாங்குவோர் வாசிக்கும் மொழியில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் இருக்க வேண்டும். விற்றபின் விதியை மாற்றுவதாயின் உடையவரின் சம்மதம் பெற வேண்டும். மறுப்பவரின் பொறி முன்போல் இயங்க வேண்டும். பிறர் மையால் பொறி கெட்டது என்று மெய்ப்பித்தால் அக்கேட்டுக்கு உத்தரவாதம் மறுக்கலாம், கெடுமுன்னே தண்டிக்கலாகாது. எமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, பொருள்களின் விலை குறிப்பது, சுட்டி ஒட்டுவது பற்றிப் பணிப்புரை விடுக்க அதிகாரம் உண்டு. பெட்டிமேல் நாலு வரி எழுதுவிப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. மனம் இருந்தாற் போதும்.

வாங்குவோருக்கும் கடமையுண்டு. பொறியின் விலையைக் கேட்டு மகிழுமுன் மையின் விலையைக் கேட்க வேண்டும். போத்தலிலிருந்து மையை ஊற்றும் தொட்டிப் பொறிகள் இன்று தாராளமாக விற்பனையாகின்றன. அவை பிறந்த கதையும் கருதத்தக்கது. ஆசிய நாடுகளில் கைத்திறன் வாய்ந்தோர் பொறிக்கு வெளியே மைத்தொட்டி வைத்துக் குழாய்வழி மையூட்டப் பழகியிருந்தனர். அதனைத் தடுத்துப் பயனில்லை என்று கண்ட எப்சன் கம்பனி, 2010இல் இந்தோனேசியாவில் தானே தொட்டிப் பொறியை விற்கத் தொடங்கியது. மை மலிந்தால் தொழில் அழியும் என்றவர்கள் இன்று அதனையே விளம்பரஞ் செய்கின்றனர். வாங்குவோர் வளைந்து கொடாதவிடத்து விற்போர் வளைந்தனர் என்பதே அதன் பாடம்.

விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு ஒரே எசமான்தான் இருக்க முடியும். அந்த எசமான் வாங்கியவரே என்று 1917ஆம் ஆண்டிலேயே நீதி ஒருமுறை பேசிவிட்டது. தாளில் எழுதியபோது செல்லாத நிபந்தனை, சிப்பில் எழுதியபோதும் செல்லாது என்று இன்று சட்டம் சொல்ல வேண்டும். அதனைச் சொல்விக்க வேண்டியவர்கள் நாம்.