ஆறப்போட்டால் சேர்ந்துவிடுமா?

குடும்பநல கோர்ட்டில் கேஸ் வருஷக்கணக்கில் இழுத்தாலும் திருநெல்வேலி டவுணில் யாரும் பதறுவதில்லை. "இழுக்கட்டும், நல்லதுதான். கொஞ்சம் ஆறப்போட்டா ரெண்டும் சேர்ந்துரும்" என்பார்கள். ரத வீதிக் கடைக்காரர் முதல் பஞ்சாயத்துப் பேச வரும் சித்தப்பா வரை எல்லோருக்கும் இதே ஞானம்தான். வாய்தா குடும்பத்தைக் காப்பாற்றுகிறதாம். அப்பட்டமான பொய் இது.

ஆறுகிறது யாருக்கு? ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டவள் பேட்டையில் பீடி சுற்றுகிறவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்தா நாளில் பீடித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, பஸ் ஏறி, சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டிப் பாளையங்கோட்டைக்குப் போகிறாள். அன்றைய கூலி போச்சு. மத்தியானம் வரை வராந்தாவில் நிற்கிறாள். பெயர் கூப்பிட்டதும் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "ஐயா, கவுன்டர் ரெடியாகலை, டைம் வேணும்" என்கிறார். அடுத்த மாதம் ஒரு தேதி விழுகிறது. இரண்டே நிமிஷம். வாய்தா கேட்ட தரப்புக்கு இதில் காலணா நஷ்டமில்லை. கொடுக்க வேண்டியது தள்ளிப்போனதால் லாபம்தான்.

ஆண்களுக்கும் இந்தக் கொடுமை உண்டு. பிள்ளையைக் கையில் வைத்திருக்கும் மனைவி வாய்தா மேல் வாய்தா வாங்கினால், ஒரு வருஷம் அப்பாவைப் பார்க்காத மூன்று வயதுக் குழந்தை அவரைக் கண்டதும் மிரண்டு அழும். அந்த அழுகையையே பிறகு அவருக்கு எதிராகச் சாட்சியம் ஆக்குவார்கள்.

சட்டம் ஆறப்போடச் சொல்லவில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 21பி பிரிவு, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சார்வான நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விசாரணையை முடிக்கப் பார்க்கச் சொல்கிறது. எந்த மதத்துப் பெண் ஜீவனாம்சம் கேட்டாலும், இடைக்கால மனுவுக்கு இயன்றவரை 60 நாள்தான் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவிலும் இருந்தது, அதற்குப் பதிலாக வந்த இப்போதைய சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 144-வது பிரிவிலும் இருக்கிறது. சிவில் நடைமுறைச் சட்டம் ஒரு தரப்புக்கு 3 வாய்தா என்று வரம்பு கட்டியதோடு, வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்பது காரணமே ஆகாது என்றும் சொல்லியிருக்கிறது. புவன் மோகன் சிங் வழக்கில் ஒரு ஜீவனாம்ச மனு 9 ஆண்டு இழுத்ததைப் பார்த்துவிட்டு, கேட்டபோதெல்லாம் வாய்தா கொடுக்கும் வழக்கத்தை 2014-ல் உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டது. 2020-ல் ரஜ்னீஷ்–நேஹா தீர்ப்பில், இரு தரப்பும் சொத்து, வருமானத்தை அபிடவிட்டாகப் போட வேண்டும், மனுப் போட்ட நாளிலிருந்தே ஜீவனாம்சம் என்றும் சொல்லியாயிற்று.

"அப்போ சமரசமே வேண்டாமா?" என்பார்கள். குடும்பநல நீதிமன்றச் சட்டம், 1984, 9-வது பிரிவு அதற்கும் வழி வைத்திருக்கிறது. சமரசத்துக்கு நியாயமான வாய்ப்பு இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினால் ஒத்திவைக்கலாம். கவுன்டர் போடாமல் இருப்பதற்கும் சமரசத்துக்கும் என்ன சம்பந்தம்? திரும்பச் சேர்ந்த ஜோடிகள் இருக்கிறார்கள். யாரோ உட்கார வைத்துப் பேசியதால் சேர்ந்தார்கள். கோர்ட் வராந்தாவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றதால் அல்ல.

வாய்தாவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நோட்டீஸே கிடைக்காதவருக்கும், முந்தின நாள் சாயங்காலம் நீட்டிய ஆவணத்தைப் படிக்க நேரம் கேட்பவருக்கும் அதை மறுத்தால் அநியாயம். அவசரப்பட்டு ஒருதலையாகத் தீர்ப்பு எழுதினால், அதை ரத்துசெய்யச் சொல்லி இன்னொரு மனு வரும். அதில் இன்னொரு வருஷம் போகும். ஆனால் வாய்தாவும் ஓர் உத்தரவுதான். யாரோ ஒருவருக்குச் சாதகமாகத்தான் அது விழுகிறது. அதற்குக் காரணம் எழுதப்பட வேண்டும். அலைந்தவருக்குப் படிச்செலவு கிடைக்க வேண்டும்.

ஆகவே, தேதி விழுந்ததும் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். படிச்செலவு கேளுங்கள், இடைக்கால ஜீவனாம்சத்துக்கு உத்தரவு கேளுங்கள். வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்கும் பெண்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம்.