பிரசவம் முடிந்து மாதங்கள் ஆகியும் தீராத சோர்வு... காரணம் தைராய்டாக இருக்கலாம்!

"பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்." குழந்தை பிறந்து ஐந்தாறு மாதமாகியும் அசதியா இருக்கு, முடி கொட்டுது, காரணமில்லாம அழுகை வருதுன்னு சொல்லும் பெண்ணுக்கு வீட்டில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான். பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் சிலருக்குக் காரணம் தைராய்டு. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

கர்ப்பத்தில் ஏன் முக்கியம்?

வயிற்றில் வளரும் குழந்தை, தனக்குத் தேவையான தைராய்டு ஹார்மோனைத் தானே சுரக்க ஏறத்தாழ 5 மாதம் ஆகும். அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்கு அம்மாவின் ஹார்மோன்தான் துணை. குறைபாட்டைக் கவனிக்காமல் விட்டால் கருச்சிதைவு, குறைப்பிரசவம் போன்ற ஆபத்துகள் கூடும்.

அதனால், ஏற்கெனவே தைராக்சின் மாத்திரை எடுப்பவர்களுக்குக் கர்ப்பம் உறுதியானதும் டாக்டர்கள் வழக்கமாக டோஸை 25 முதல் 30 சதவீதம் வரை கூட்டுவார்கள். 'குழந்தைக்கு ஆகாது'ன்னு பயந்து மாத்திரையை நீங்களே நிறுத்துவதுதான் ஆபத்து.

மாத்திரையில் நடக்கும் தவறு

காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். காபி, டிபன் எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் குறைந்தது 4 மணி நேர இடைவெளி தேவை. ஒண்ணா சேர்த்துப் போட்டால் தைராய்டு மருந்து உடலில் சரியாகச் சேராது.

பிரசவத்துக்குப் பிறகு என்ன ஆகிறது?

கூட்டிய டோஸ் பொதுவாகக் குறைக்கப்படும். சுமார் 6 வாரத்தில் டிஎஸ்எச் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும். மாத்திரை எடுத்தபடியே தாய்ப்பால் கொடுக்கலாம்.

முன்பு தைராய்டு பிரச்னையே இல்லாதவர்களுக்கும் பிரசவத்துக்குப் பின் தைராய்டு அழற்சி வரலாம். தோராயமாக 100 தாய்மார்களில் 5 பேருக்கு இது வருகிறது. சிலருக்கு முதலில் ஹார்மோன் அதிகமாகும்: படபடப்பு, எரிச்சல், எடை குறைதல். பிறகு, பெரும்பாலும் 4 முதல் 8 மாதங்களுக்குள், ஹார்மோன் குறையும்: சோர்வு, மறதி, மலச்சிக்கல், மனச்சோர்வு. பலருக்கு ஒரு வருடத்தில் சரியாகிவிடும். சிலருக்குக் குறைபாடு நிரந்தரமாகலாம்.

எங்கே விடுபடுகிறது?

மத்திய சுகாதார அமைச்சகம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆபத்துக் காரணிகள் உள்ள கர்ப்பிணிகளுக்கு தைராய்டு பரிசோதனை செய்யச் சொல்கிறது. ஆனால் பிரசவத்துக்குப் பிறகு எல்லோர் கவனமும் குழந்தைமேல் போய்விடுகிறது. அரசு தடுப்பூசி அட்டவணையில் 14-வது வாரத்துக்கு அடுத்த ஊசி 9-வது மாதத்தில்தான். ஹார்மோன் குறையும் மாதங்கள் சரியாக இந்த இடைவெளியில்தான் வருகின்றன.

யார் கவனமாக இருக்கணும்?

குடும்பத்தில் தைராய்டு உள்ளவர்கள், டைப் 1 சர்க்கரை நோயாளிகள், முந்தைய பிரசவத்தில் இந்தப் பிரச்னை வந்தவர்கள். தூங்கி எழுந்தும் அசதி போகவில்லை, மனசு சரியில்லை என்றால் அடுத்த ஊசி வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லி டிஎஸ்எச் பாருங்கள். தைராய்டு சரியாக இருந்தாலும் மனச்சோர்வுக்குத் தனியாக சிகிச்சை உண்டு. 'அப்படித்தான் இருக்கும்'னு சொல்வதற்கு முன், பரிசோதனைக்கு ஒருமுறை கூட்டிட்டுப் போங்க.